இறகுப் போர்வையின் முன்னால்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கேட் பாஸ் கோப்பிலும் சம்பளப் பட்டியலிலும் அந்தப் பெயரை நானே பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் குளிர்க்கிடங்கில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழர்கள் பாய் என்றார்கள், அவர் தொண்டிக்காரர், முஸ்லிம் என்பதால். இந்தி பேசுகிறவர்களும் பாய் என்றார்கள், அவர்களுக்கு எல்லா மனிதரும் பாய் என்பதால். நேபாளி, வங்காளி, பாகிஸ்தானி எல்லோருக்கும் அதுவே வாய்த்துவிட்டது. அத்தனை தேசத்துக்காரர்களும் ஒரே சொல்லால் அழைத்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மன்னாரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் அவரை நானா என்பார். இலங்கையில் முஸ்லிம் பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்களாம்.

கிடங்கு இருந்தது தோஹா தொழில்பேட்டையில். சனாயா என்போம். வெளியே மண்ணும் டீசல் புகையும். உள்ளே மூன்று பெரிய ப்ரீசர் அறைகள், எப்போதும் மைனஸ் பதினெட்டில். பிரேசிலிலிருந்து கோழி வரும், வியட்நாமிலிருந்து மீன் வரும், டிசம்பர் நெருங்கினால் ஹோட்டல்களுக்கான வான்கோழி வரும். நான் ஆபீஸில் காகித வேலை பார்த்தேன். சரக்கு வந்தால் பதிவது, ஆட்களுக்குப் பாஸ் போடுவது, ஆட்கள் தங்கும் கேம்ப்பில் யாருக்கு எந்த அறை என்ற பட்டியலைப் பராமரிப்பது. கணவர் ஒரு கட்டுமான கம்பெனியில் இன்ஜினியர். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண்.

அவரை முதலில் பார்த்தது ப்ரீசர் வாசலில். வேலையில் சேர்ந்து மூன்றாவது நாள். ஒரு சரக்கின் லாட் நம்பர் பில்லோடு ஒத்துப்போகவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சுடிதாரும் செருப்புமாக நடந்தேன். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவோடு ஒரு மெலிந்த மனிதர் கையைக் குறுக்கே நீட்டினார்.

“எங்க போறீங்க?”

“லாட் நம்பர் பாக்கணும். ஒரு நிமிஷம்தான்.”

“ஒரு நிமிஷம்னு போறவங்களுக்காகத்தான் நான் இங்க நிக்கிறேன்.”

ஒரு ஜாக்கெட்டை எடுத்துத் தந்தார். ஜிப்பைக் கழுத்துவரை இழுக்கச் சொன்னார். கால் அளவு கேட்டு பூட்ஸ் தேடினார். கையுறைக்கு மட்டும், “இருங்க” என்று வெளியே போனார். வெயிலில் நின்ற பிக்கப் வண்டியின் பானெட் மேல் பத்துப் பதினைந்து ஜோடிக் கையுறைகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். ஒரு ஜோடியை எடுத்து வந்து கொடுத்தார். இட்லித் தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த துணிபோல அது சுட்டது. விரல்களை நுழைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கூடவே உள்ளே வந்தார். நான் பெட்டிகளுக்கு நடுவே நம்பர் தேடிக்கொண்டிருக்க, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் நின்றார்.

வெளியே வந்ததும் சொன்னார், “குளிரு பொய் சொல்லும்மா. மொதல்ல குத்தும். அப்புறம் குத்தாது. குத்தலையேன்னு நெனச்சா அதுதான் ஆபத்து. ஓடி வந்துரணும்.”

இதை அவர் ஒவ்வொரு புதிய ஆளிடமும் சொன்னார். தமிழில், இந்தியில், தப்பும் தவறுமான நேபாளியில். அவருடைய வேலை அது இல்லை. காகிதப்படி அவர் ப்ரீசர் ஃபோர்மேன். சரக்கு எந்த வரிசையில் ஏறுகிறது, எது முதலில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டியவர். அதையும் பார்த்தார். ஆனால் அவர் மனம் முழுக்க யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்பதில்தான் இருந்தது. உள்ளே நான்கு பேர் போனால் அவர் கையில் நான்கு விரல் மடங்கியிருக்கும். ஒருவர் வெளியே வந்தால் ஒரு விரல் நிமிரும். விரல் மடங்கியிருக்கும்போது போன் வந்தாலும் எடுக்க மாட்டார்.

குளிர் என்றால் அவருக்கு ப்ரீசர் மட்டுமில்லை. ஆபீஸுக்குள் ஏதாவது கேட்க வந்தால், பேசிக்கொண்டே சுவரில் இருக்கும் ஏ.சி. பொத்தானைத் தட்டி இருபத்தாறுக்கு ஏற்றிவிட்டுப் போவார். எங்கள் கணக்காளர் கத்துவார். கடைக்குப் போனால் போர்வை விற்கும் இடத்தில் நின்று, விளிம்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவார். முன்பு ஓமானின் சலாலாவில் நான்கு வருடம் ஒரு போர்வைக் கடையில் இருந்தாராம். அங்கே மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போவார்களாம். “நல்ல போர்வைன்னா வெய்ட்டா இருக்கணும்னு நெனப்பாங்க. தப்பு. காத்தப் பிடிச்சு வச்சுக்கிறதுதான் நல்ல போர்வை” என்பார்.

ஒரு வருடம் கம்பெனி புதிய ஜாக்கெட் வாங்கியது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார், உள்ளே கையை விட்டுக் கசக்கினார், மடித்துக்கொண்டு பர்ச்சேஸ் மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர்தான், வேலை அவசரத்தில் எதையும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்.

“சார், ஒரு பத்து நிமிஷம் இதப் போட்டுக்கிட்டு எங்கூட உள்ள வாங்க.”

“எதுக்கு பாய்? குவாலிட்டி சர்டிஃபிகேட்லாம் இருக்கு.”

“சர்டிஃபிகேட்டுக்குக் குளிராது சார்.”

ஆபீஸே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜருக்கு மறுக்க முடியவில்லை. போனார். ஏழு நிமிடத்தில் வெளியே வந்தார். மூக்கு சிவந்து, உதடு கோணி, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் பாய்க்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. மேலதிகாரியை அவமதித்தது குற்றம். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும். நான்தான் தட்டச்சு செய்தேன். கூச்சத்தோடு நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“நல்லா அடிச்சிருக்கீங்கம்மா, ஒரு தப்பில்ல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் ஜாக்கெட்டுகள் திரும்பிப் போயின. கனமான, அசிங்கமான நீல ஜாக்கெட்டுகள் வந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டால் எல்லோரும் மெத்தை மாதிரி இருப்பார்கள். அவர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஜிப்பை இழுத்துவிட்டார்.

அந்த மன்னார்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரக்கு வெளியே அனுப்பும் டிஸ்பாட்ச்சில் செக்கர். அமைதியானவர், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்து எழுதுவார். எழுத்து மட்டும் அச்சுமாதிரி இருக்கும். நான் வருவதற்குப் பல வருடம் முன்பு பழைய கிடங்கில் கதவு மாட்டிக்கொண்டு இவரும் பாயும் உள்ளே சிக்கினார்களாம். பாய் தன் ஜாக்கெட்டைக் கொடுத்து மன்னார்க்காரரைக் காப்பாற்றினாராம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். பாய்க்கு அந்த இடத்தில் இருந்த மரியாதைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

எனக்கு ஒன்று புரியாமல் இருந்தது. காப்பாற்றியவரும் காப்பாற்றப்பட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நான் பார்த்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் ஜிப் இழுத்துவிடுகிறவர், மன்னார்க்காரரின் கையுறையை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மற்றவர்களின் கையுறையைவிட அது நன்றாகக் காய்ந்திருக்கும், உள்ளே ஒரு கம்பளி உறைகூடத் தைத்திருக்கும். ஆனால் கையில் கொடுக்க மாட்டார். அந்தக் கதையை யாராவது அவர் எதிரே எடுத்தால், ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன், “அவரோட எதாவது சண்டையா பாய்?”

“சண்டையா? இல்லியே” என்றார். குல்லாவைச் சரிசெய்துகொண்டு போனார்.

மன்னார்க்காரரையும் கேட்டேன். “நானா நல்ல மனுசன்” என்றார்.

ஒரு ஜூன் மாதம், ஆட்களை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அந்த வெயிலில் கடற்கரைக்குப் போக முடியாது. நகரத்து மியூசியம் ஒன்றில் அமெரிக்கப் பாலைவனப் பகுதியிலிருந்து பழைய பொருட்களைக் கொண்டுவந்து கண்காட்சி வைத்திருந்தார்கள். கேம்ப் ஆட்களுக்குக் கட்டணமில்லை. பஸ் கொடுத்தார்கள். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் போகச் சொன்னார்கள். மியூசியம் என்றதும் பெயர் கொடுத்தவர்கள் ஐந்து பேர். முடிந்ததும் மாலுக்குப் போகிறோம் என்று அறிவித்ததும் இருபத்தெட்டு ஆனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பஸ் கிளம்பியது. பாய் முன்படியில் நின்று எண்ணினார். மன்னார்க்காரர் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

மியூசியத்துக்குள் நுழைந்ததும் எங்கள் ஆட்களின் குரல் தானாகத் தாழ்ந்தது. அவ்வளவு உயரமான கூரை, அவ்வளவு வழுவழுப்பான தரை. வழிகாட்டி ஜோர்டான் நாட்டுப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கையில் ஒரு தட்டையான பெட்டி வைத்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழிலும், பிறகு எனக்குத் தெரிந்த இந்தியிலும் சொன்னேன். பானைகள் பார்த்தோம், செருப்பு பார்த்தோம், மக்காச்சோளம் அரைக்கும் கல் பார்த்தோம். “நம்ம அம்மி” என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போனாள்.

வெளிச்சம் மிகவும் குறைவாக இருந்தது. கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. நடுவில் கண்ணாடிப் பேழை, அதற்குள் சாய்வான பலகைமேல் ஒரு விரிப்பு. பழுப்பு நிறம். வலைபோல இடைவெளி இடைவெளியாகக் கயிறுகள்.

“இதுக்கா இவ்ளோ தூரம்? பழைய கோணி மாதிரி இருக்கு” என்றார் ஒருவர்.

வழிகாட்டிப் பெண் அதைப் புரிந்துகொண்டவள்போலச் சிரித்தாள். இது ஒரு போர்வை என்றாள். எண்ணூறு வருடத்துக்கும் மேல் பழையது. பியூப்ளோ மக்களின் முன்னோர் செய்தது. கற்றாழை மாதிரி ஒரு செடியின் நாரைத் திரித்துக் கயிறாக்கி, அந்தக் கயிற்றின்மேல் வான்கோழியின் மெல்லிய இறகுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, அப்படிச் சுற்றிய கயிறுகளை வரிசையாகக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். பல்லாயிரம் இறகுகள். காலப்போக்கில் பூச்சிகள் இறகின் மென்மயிரைத் தின்றுவிட்டன. நாம் பார்ப்பது பெரும்பாலும் இறகின் நடுத்தண்டு. ஆனால் மேல் மூலையைப் பாருங்கள் என்று ஒரு சிறு விளக்கைக் காட்டினாள்.

அந்த மூலையில் ஒரு கையகல இடத்தில் இறகு பிழைத்திருந்தது. சாம்பலும் வெண்மையுமாக, விரல் தடிமனில், புசுபுசுவென்று. அதைப் பார்த்ததும் மீதிப் போர்வையும் கண்ணுக்குள் தானாக நிரம்பிக்கொண்டது. முழுவதும் அப்படி இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும். வருடம் முழுக்க வான்கோழியைப் பிளாஸ்டிக் உறையில், கல்போல உறைந்த உருண்டையாகத் தூக்கிப் போட்டவர்கள் நாங்கள். அதற்கு இறகு உண்டு என்பதையே அன்றுதான் நினைத்தோம்.

பாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். எங்கே போனாலும் பின்னால் நின்று தலையை எண்ணுகிறவர், அன்று எண்ணவில்லை. கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று குனிந்து பார்த்தார்.

“இறகுக்காகக் கோழியக் கொன்னாங்களான்னு கேளுங்கம்மா.”

கேட்டேன். இல்லை என்றாள். இறகு உதிர்கிற பருவத்தில் உயிரோடு இருக்கும் பறவையிடமிருந்து வலிக்காமல் எடுக்கலாம், மறுபடி முளைக்கும். அந்தப் பறவைகளை வீட்டோடு வளர்த்தார்கள், செத்தால் புதைத்தார்கள், நெடுங்காலம் அதைச் சாப்பாட்டுக்கென்று வளர்க்கவில்லை என்றும் சொன்னாள். ஒரு போர்வைக்குப் பல பறவைகளிடம், பல பருவம் சேர்த்திருக்க வேண்டும்.

“அங்க அவ்ளோ குளிரா? பாலைவனம்ங்கிறாங்க?”

உயரமான இடம், பனி கொட்டும் என்றாள்.

“செத்தவங்க மேல இருந்து எடுத்ததா இது?”

இந்தக் கேள்வியை மொழிபெயர்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவள் நேராகப் பதில் சொன்னாள். இது ஒரு காய்ந்த குகையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. புதைகுழிகளில் கிடைத்தவற்றை இங்கே காட்டுவதில்லை, அந்த மக்களின் வழிவந்தவர்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“அப்ப அவங்க ஆளுங்க இருக்காங்க?”

“இருக்கிறார்கள். அதே மண்ணில்.”

“நல்லது” என்றார் பாய். தமிழில் மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்கு எதுவோ புரிந்து தலையசைத்தாள். கையிலிருந்த பெட்டியைத் திறந்தாள். அதில் ஒரு முழ நீளத்தில் இறகு சுற்றிய கயிறு இருந்தது. தொட்டுப் பார்ப்பதற்காக அண்மையில் செய்தது. ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். கன்னத்தில் வைத்தார்கள், கூச்சத்தில் சிரித்தார்கள். கடைசியாக பாயிடம் வந்தது. அவர் இரண்டு கைகளுக்குள்ளும் அதை மூடிக்கொண்டு கண்ணை மூடினார். நீண்ட நேரம் தரவில்லை.

“வெய்ட்டே இல்லம்மா. கையில ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. ஆனா நம்ம சூட்ட நமக்கே திருப்பித் தருது.”

அதைக் கொடுத்துவிட்டு மறுபடி போர்வையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்து, தூரத்திலிருந்தே நீளத்தையும் அகலத்தையும் அளந்தார், கடையில் அளப்பதுபோல.

“சின்னது. இதப் போத்திட்டுப் படுக்க முடியாது. இது உக்காந்திருக்கவனுக்கு.”

சொன்னேன். வழிகாட்டிப் பெண் ஆச்சரியப்பட்டாள். தோளில் போர்த்திக்கொண்டும் இருந்திருக்கிறார்கள், அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டாள். நான் ஒன்றும் யோசிக்காமல் அதை அப்படியே தமிழில் கேட்டேன்.

“எப்படித் தெரியும்னு கேக்கறாங்க பாய்.”

“குளிர்ல மாட்டுனவன் படுக்க மாட்டான்மா. முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்துருவான்.”

பின்னாலிருந்து ஒருவர் உற்சாகமாக இந்தியில் சொன்னார், பாய் ஒரு ஆளையே காப்பாற்றியவர், இதோ நிற்கிறாரே இவரைத்தான் என்று. மன்னார்க்காரரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். எல்லோர் முகத்திலும் பெருமை. பாய் வழக்கம்போல எழுந்து போக அங்கே நாற்காலியும் இல்லை, வேலையும் இல்லை. குல்லா இல்லாத தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“இல்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நான் சொல்றத எல்லாருக்கும் சொல்லுங்கம்மா. அந்தப் பொண்ணுக்கும்.”

அவர் சொன்னது இதுதான். அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதால் எல்லோரும் போய்விட்டார்கள். அவர் கடைசிப் பெட்டிகளை அடுக்க உள்ளே இருந்தார். தொழுகைக்கு நேரமாகுதே என்று அவரைக் கூப்பிட மன்னார்க்காரர் வெறும் சட்டையோடு உள்ளே ஓடிவந்தார். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் குமிழ் பனி பிடித்து இறுகியிருந்தது. விசிறிச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. மன்னார்க்காரர் வெறுங்கையால் இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“நான் ஜாக்கெட்டு போட்டிருந்தேன். கையுறையும் போட்டிருந்தேன். அவர் நடுங்குறதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். குடுத்தா நான் செத்துருவேன்னு தோணுச்சு. பதினஞ்சு நிமிஷம் நான் அதக் கழட்டல. வாட்ச்சப் பாத்தேன், அதனாலதான் தெரியும். என்னையக் கூப்பிட வந்த மனுசன். அதுக்கப்புறம்தான் குடுத்தேன். அதுக்கப்புறம்தான், தொழுதுட்டு வந்தவங்க கதவத் தொறக்குற வரைக்கும், ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து போத்திக்கிட்டோம். காப்பாத்துனேன், காப்பாத்துனேன்னு சொல்றாங்க. அந்தக் கையப் பாருங்க. அந்தப் பதினஞ்சு நிமிஷத்துலதான் அது போச்சு.”

ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், எப்படியோ. அந்நிய மொழியில் எதையும் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. இந்தியில் சொல்லும்போது எதிரே இருபது முகங்கள். தினமும் அவரைப் பார்த்து எழுந்து நிற்கிறவர்கள். என் நாக்கு தயங்கியது. ‘தோடீ தேர்’, கொஞ்ச நேரம், அவர் ஜாக்கெட்டைக் கொடுக்கவில்லை என்று சொல்லிக் கடக்கப் பார்த்தேன்.

“தோடீ தேர் இல்லம்மா” என்றார் பாய். அவர்கள் பக்கம் திரும்பித் தானே சொன்னார். “பந்த்ரா மினிட்.”

பதினைந்து நிமிடம். அந்த இருட்டறையில் அது எல்லோருக்கும் கேட்டது.

“இத்தன இறகப் பொறுக்கி, ஒவ்வொண்ணா சுத்தியிருக்காங்க” என்று கண்ணாடியைக் காட்டினார். “எவனுக்கோ குளிரப்போகுதுன்னு, குளிர்றதுக்கு எத்தனையோ மாசம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க. நான் பக்கத்துல நடுங்குறவனப் பாத்துக்கிட்டே யோசிச்சேன்.”

அப்போது மன்னார்க்காரர் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். இரண்டு அடி முன்னால் வந்தார்.

“நானா, இதையோ நீங்கள் இவ்வளவு வருசமா சுமந்துகொண்டு திரிஞ்சனீங்கள்?”

பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் உங்கட பக்கம் திரும்பவே இல்லை. கதவைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் தராததை நான் காணேல்லை. தந்ததைத்தான் கண்டனான். பின்னால இருந்து சூடா என்னவோ வந்து தோளில விழுந்தது. அதுமட்டும்தான் எனக்கு ஞாபகம்.” பாயை நேராகப் பார்த்தார். “நீங்கள் என்ர முகத்தைப் பாக்காம இருந்ததுதான் எனக்கு நோவு. நான் உள்ள வந்ததாலதான் கதவு பூட்டிப்போச்சு எண்டு என்னில கோவம் எண்டு நினைச்சிருந்தனான்.”

“கோவமா?” என்று பாய் தலையைத் தூக்கினார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. “யா அல்லா. உங்க மேல எனக்கு என்ன கோவம்?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் கதைக்கேல்லையே.”

பாய் மன்னார்க்காரரின் வலது கையை எடுத்தார். நுனியில்லாத இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். இரண்டு வளர்ந்த மனிதர்கள் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் அப்படியே நின்றார்கள். ஒருவர் அழுதார் என்று சொன்னால் மற்றவர் அழவில்லை என்றாகிவிடும்.

வழிகாட்டிப் பெண் என் காதருகே என்ன நடக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த குழு வாசலில் காத்திருந்தது. அவள் போய் அவர்களிடம் ஏதோ பேசி, கதவை லேசாகச் சாத்திவிட்டு வந்தாள். எங்கள் ஆட்கள் தாமாகவே மெதுவாகச் சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டார்கள். நான் போர்வையைப் பார்த்தேன். யார் நாரைத் திரித்தார்கள், எந்தத் தோளில் அது கிடந்தது, ஒன்றும் தெரியாது. எண்ணூறு வருடம் தாண்டி, இறகும் போய், தண்டு மட்டும் மிஞ்சி, கடல் கடந்து வந்து, தொண்டிக்காரர் ஒருவரின் வாயிலிருந்து இத்தனை வருடம் வராத ஒன்றை அது வரவழைத்துவிட்டது.

மாலுக்குப் போனோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதை குறைந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறும்போது அவர் எண்ணுவதற்காகப் படியில் நிற்க, கதையை உற்சாகமாகச் சொன்ன அதே இந்திக்காரர் அவர் முன்னால் நின்று, தன் சட்டைக் காலரைக் கழுத்துவரை இழுத்து மூடிக் காட்டினார். நாற்பத்தாறு டிகிரி வெயிலில். பாய் அவர் முதுகில் ஓர் அறை வைத்து உள்ளே தள்ளினார்.

அடுத்த வாரம் மன்னார்க்காரர் ஆபீஸுக்கு வந்தார். அறை மாற்றம் கேட்கும் படிவம் வேண்டும் என்றார். பாயின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருப்பது எனக்குத் தெரியும். பிறகு மூன்று வருடம், பாய் ஊருக்கு ஒரேயடியாகக் கிளம்பும்வரை, அவர்கள் அந்த அறையில்தான் இருந்தார்கள். ஒருவர் சமைக்க இன்னொருவர் பாத்திரம் கழுவினார் என்றும், இரண்டு பேரும் பேசியே மற்றவர்களின் தூக்கத்தைக் கெடுத்தார்கள் என்றும் புகார்கூட வந்தது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். காரணம் என்ற கட்டத்தில் நின்றேன்.

“என்ன காரணம்னு எழுதட்டும்? எதாவது எழுதணும், இல்லாட்டி கேம்ப் பாஸ் திருப்பி அனுப்பிடுவார்.”

அவர் படிவத்தின்மேல் குனிந்தார்.

“குளிர் எண்டு எழுதுங்கோ.”

எழுதினேன். கேம்ப் பாஸ், அதாவது கேம்ப்பின் பொறுப்பாளர், எகிப்துக்காரர், கண்டிப்பானவர். பத்து நிமிடத்தில் போன் செய்தார். இந்த ஜூன் மாதத்திலா, அந்த அறையில் ஏ.சி. பழுதா, என்ன விளையாட்டு இது என்று கேட்டார்.

“விளையாட்டு இல்லை சார்” என்றேன். “அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.”

மறுமுனையில் பேனா கிறுக்கும் ஓசை கேட்டது.